ஓடைப் பாலும் கள்ளிப் பாலும்: நிலப் புகைப்படங்கள் குறித்து

நமது சிறுபத்திரிகைச் சூழலில் கவிதைக்கு விமர்சனம் உண்டு. நாவலுக்கு உண்டு, சினிமாவுக்கு உண்டு, நவீன ஓவியத்துக்குக்கூட ஏதோ கொஞ்சம் உண்டு. புகைப்படத்துக்குத்தான் கிடையாது. அட்டையில் போடுகிறோம், உள்ளே பக்கம் மீந்துபோனால் இட்டு நிரப்புகிறோம், எங்காவது ஓரத்தில் பொடி எழுத்தில் 'புகைப்படம்: இன்னார்' என்று ஒரு வரி. அத்தோடு சரி. ஒரு கவிதையில் எவனாவது 'மலைமகள் நாணினாள்' என்று எழுதிவிட்டால் பிய்த்து எடுத்துவிடுகிற நாம், அதே மலையைப் பஞ்சு மேகமும் பால் ஓடையுமாகக் காட்டும் படத்தைப் பார்த்து 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். சூழலியல் தோழர்கள் அச்சிடும் நாட்காட்டியில் இந்தப் படம் இருக்கிறது. சுற்றுலாத் துறை விளம்பரத்திலும் இதே படம். மலைமேல் இருக்கிற விடுதிகளின் வரவேற்பறையிலும் இதையே சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். மூன்று தரப்பும் ஒரே படத்தை மாட்டுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டாமா?

படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட அது எப்படி எடுக்கப்படுகிறது என்பதில்தான் என் சந்தேகம். 'க்ரியேட்டிவ் டெக்னிக்' என்று இன்று பயிற்சிப் பட்டறைகளில் கற்றுத்தரப்படும் உத்திகள் சில உண்டு. அவை நிலத்தை என்ன செய்கின்றன என்று பார்க்கலாம்.

ஏற்காட்டிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போனால் கரடியூர். மலை சட்டென்று முடிந்து பள்ளம் திறக்கிற பாறை விளிம்பு அங்கே உண்டு. சனி ஞாயிறுகளில் முக்காலியும் பையுமாகப் புகைப்படக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். சென்ற தை மாதம் அப்படி ஒரு குழுவோடு ஒரு பகல் பூராவும் சுற்றினேன். பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் சம்பளக்காரர்கள், நல்ல மனிதர்கள், மதியச் சாப்பாட்டில் எனக்கும் பங்கு கொடுத்தார்கள். பயிற்சியாளர் சொல்லித்தந்தது நான்கு சங்கதிகள். ஒன்று, ஓடையை எடுக்கும்போது லென்ஸுக்கு முன்னால் இருட்டுக் கண்ணாடி ஒன்றை மாட்டி, ஷட்டரை அரை வினாடியிலிருந்து முப்பது வினாடி வரை திறந்து வைப்பது. தண்ணீர் துளித்துளியாக விழாமல் பட்டுத் துணி மாதிரி வழியும். இரண்டு, லென்ஸின் கண்ணை முழுக்கத் திறந்து கள்ளிச்செடியின் ஒரே ஒரு முள்ளை மட்டும் கூர்மையாக வைத்துப் பின்னால் இருப்பதையெல்லாம் கரைத்துவிடுவது. மூன்று, ஷட்டர் திறந்திருக்கையிலேயே கேமராவை மேலிருந்து கீழாக அசைப்பது. சில்வர் ஓக் மரங்கள் தூரிகைக் கோடுகளாகிவிடும். நான்கு, ஒரே சட்டத்தில் இரண்டு தடவை ஒளி விழச்செய்வது. கூர்மையான பிம்பத்தின்மேல் மங்கலான பிம்பம் படிந்து செடியைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி நிற்கும்.

ஓடைக்கரையில் முக்காலி நட்டுக்கொண்டிருந்தபோது மூன்று பெண்கள் விறகுக்கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு கல் மேல் கல்லாக ஓடையைத் தாண்டி வந்தார்கள். குழுவில் ஒரு பையன், "அக்கா, ஒரு நிமிஷம் அந்தப் பக்கமே நில்லுங்களேன், படம் எடுத்துக்கறோம்" என்றான். முன்னால் வந்தவர், "சுமையோட எப்படி தம்பி நிக்கறது?" என்றார். பயிற்சியாளர் உடனே குறுக்கிட்டு, "அவங்க பாட்டுக்கு வரட்டும்ப்பா. முப்பது செகண்டுல நடக்கறவங்க விழ மாட்டாங்க" என்று விளக்கினார். அவர் சொன்னபடியே ஆயிற்று. பெண்கள் வந்தார்கள், போனார்கள். கேமராவின் திரையில் பார்த்தபோது பாசி படிந்த கற்களும் அவற்றைச் சுற்றி வெண்புகையும் மட்டும் இருந்தன. பெண்கள் இல்லை.

இதில் சதி ஒன்றும் கிடையாது. ஒளியியலே அப்படித்தான். அசையாதது பதியும், அசைவது அழியும். 1838இல் பாரீசின் தெரு ஒன்றை தாகேர் எடுத்த படத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். பகல் நேரம், வண்டியும் கூட்டமும் போய்க்கொண்டிருந்த சாலை. ஆனால் ஒளி பதிய நிமிடக்கணக்கில் ஆனதால் நகர்ந்தவர்கள் எல்லாரும் மறைந்து, ஓரமாக நின்று காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த ஒருவரும் அவருடைய காலடியில் வேலை செய்தவரும் மட்டும் விழுந்தார்கள். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்கள் இவர்கள் என்று சொல்வதுண்டு. அன்று அது ஊடகத்தின் இயலாமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஈரத் தகடுகளுக்கும் வினாடிகள் தேவைப்பட்டன, அதனால்தான் அக்கால அருவிப் படங்களில் எல்லாம் தண்ணீர் புகையாக இருக்கிறது. அந்தப் புகைப்படக்காரர்கள் தண்ணீரைத் துளியாகப் பிடிக்க முடியவில்லையே என்று தவித்தார்கள். இன்று கேமரா வினாடியின் எண்ணாயிரத்தில் ஒரு பங்கில் பிடிக்கிறது. பிடிக்க முடிகிற காலத்தில், காசு கொடுத்து இருட்டுக் கண்ணாடி வாங்கி மாட்டிப் பழைய இயலாமையைத் திரும்பச் செய்துகொள்கிறோம். இயலாமை ரசனையாக மாறிய கதை இது. ரசனை என்று ஆகிவிட்டால் பிறகு அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அன்று அந்த ஓடை எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தை மாதம் காப்பி அறுவடைக் காலம். பழத்தின் தோலை உரித்துக் கொட்டையை ஊறவைத்துக் கழுவுகிற தண்ணீர் மேலேயிருந்து வந்து கலந்துகொண்டிருந்தது. பழுப்பு நிறம், புளித்த வாடை, கல்லிடுக்கில் தேங்கிய நுரை. முப்பது வினாடி ஷட்டருக்கு நுரையும் ஒன்றுதான் நீரும் ஒன்றுதான், எல்லாம் வெண்ணூல். நிறத்தைக் கொஞ்சம் நீலத்தின் பக்கம் தள்ளிவிட்டால் இமயமலை ஊற்றாகிவிடும். வாடை எப்படியும் படத்தில் விழாது. இந்த ஓடையை நாட்காட்டியில் அச்சிட்டு 'நீர்நிலைகளைக் காப்போம்' என்று கீழே எழுதுகிறோம்!

ஓடைக்கு இவ்வளவு போதும். கள்ளிக்கு வருகிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் முள்ளும் கள்ளியும், நடுவில் மூங்கில், மேலே காப்பியும் குளிரும். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பாலையிலிருந்து குறிஞ்சிக்கு வந்துவிடுகிறோம் என்று வகுப்பில் சொல்லலாம். எம்.ஏ. தமிழ் படித்த எவருக்கும் இந்த ஆசை வரும். ஆனால் தொல்காப்பியம் பாலைக்கென்று நிலம் ஒதுக்கவில்லை. நிலம் நான்குதான். முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையில் தம் இயல்பு திரிந்து பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. அதாவது பாலை ஓர் இடமாக இருப்பதைவிட ஒரு நிலத்துக்கு நேர்ந்ததாக இருக்கிறது. அதைப் பார்க்கிறவன் 'எப்போது, எதனால், யாருக்கு' என்று கேட்டாக வேண்டும். இன்னொன்று, பாலைக்குப் பொழுது நண்பகல். புகைப்படக் கையேடுகள் எல்லாம் ஒரே குரலில் கேமராவை உறையில் போடச் சொல்லும் நேரம் அது. உச்சி வெயிலில் நிழல் கறுத்துப்போகும், நிறம் வெளுத்துப்போகும், எடுக்காதே என்பார்கள். காலையிலும் மாலையிலும் வருகிற பொன்னொளியில்தான் எடுக்க வேண்டும். கள்ளியைப் பொன்னொளியில் எடுக்கும்போது முதற்பொருளிலேயே பாதி போய்விடுகிறது. மீதிப் பாதியான நிலத்தை அகலத் திறந்த லென்ஸ் கரைத்துவிடுகிறது. கருப்பொருள் என்று தமிழ் இலக்கணம் அடுக்கும் உணவு, தொழில், பறை, தெய்வம் எதுவும் சட்டத்துக்குள் வருவதில்லை. மிஞ்சுவது ஒரு செடியின் உருவமும் பார்ப்பவனின் ஏக்கமும். இதற்குத் 'திணை' என்று தலைப்பு வைத்துக் கண்காட்சி போடுவதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

எந்தக் கள்ளி என்பதிலும் குழப்பம். அன்று அவர்கள் ஆசை ஆசையாக எடுத்ததில் பாதி சப்பாத்திக்கள்ளி. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் பழம்பாடல்களின் கள்ளி வேறு குடும்பம், ஒடித்தால் பால் வரும். சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் அந்த வகை. திருகுகள்ளிக்கு லின்னேயஸ் 1753இல் வைத்த அறிவியல் பெயரிலேயே மலபார்க் கரையின் 'திருக்கள்ளி' ஒட்டிக்கொண்டிருக்கிறது. சப்பாத்திக்கள்ளியை ஒடித்தால் பால் வராது. அது இங்கே பரவியதற்கும் அழிந்ததற்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரக் கணக்கு உண்டு. மெக்சிகோவில் ஸ்பெயின்காரர்கள் கைவசம் வைத்திருந்த சிவப்புச் சாயம் ஒரு பூச்சியிலிருந்து கிடைத்தது, பூச்சி வாழ்வது கள்ளியில். சாயத்தை இங்கேயே தயாரிக்கலாம் என்று ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பூச்சியும் வந்தது, ஆனால் வந்தது தவறான இனம். சாயம் தேறவில்லை, ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அதற்குத் தப்பிய இன்னொரு வகை வேலியெல்லாம் மண்டி விளைநிலத்தில் ஏறியபோது, 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் ஊர் வேலியோரம் இன்று ஒண்டிக்கொண்டிருக்கும் சப்பாத்திக்கள்ளி இந்த இரண்டு படையெடுப்புகளிலும் பிழைத்தது. பின்னணியைக் கரைத்து எடுத்த படத்தில் இதற்கெல்லாம் ஏது இடம்?

பால் வடியும் கள்ளி விஷயத்தில் மௌனம் இன்னும் மோசம். 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். ஏன் இங்கே என்பது எல்லோருக்கும் தெரியும். பெண்ணாகப் பிறந்தால் நெல்மணி, இல்லாவிட்டால் எருக்கம்பால், கள்ளிப்பால். இந்த மாவட்டத்தின் கிராமத்துப் பெண் ஒருத்திக்குக் கள்ளி என்ற சொல் எந்த ஞாபகத்தைக் கிளப்பும் என்று அந்தப் பட்டறையில் யாரும் யோசித்திருப்பார்களா தெரியவில்லை. கள்ளியை எடுக்கிற ஒவ்வொருவரும் குழந்தைக் கொலையைக் காட்டியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இன்னொரு வகை அசட்டுத்தனம், கறுப்பு வெள்ளையில் ஒரு தொட்டிலையும் கள்ளியையும் வைத்துப் பரிசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு செடியை அதன் உருவம் மட்டும்தான் அது என்று வெட்டி எடுத்துக் காட்டும்போது, அச்செடி மனிதர்களோடு கொண்ட உறவு முழுவதும் கையோடு போய்விடுகிறது. பழம்பாடல்களில் கள்ளி சுடுகாட்டின் செடி. வழிப்போக்கன் அஞ்சுகிற வெளியின் செடி. அந்த அச்சம் இல்லாமல் கள்ளி வெறும் சிற்பம்.

செடியைச் சிற்பமாக்கும் இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மானியரான கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட். அலங்காரக் கலை மாணவர்களுக்கு மாதிரி காட்டுவதற்காகத் தண்டையும் மொட்டையும் பலமடங்கு பெருக்கி வெற்றுப் பின்னணியில் எடுத்தார். 1928இல் நூலாக வந்தபோது வால்டர் பெஞ்சமின் அதை வரவேற்று எழுதினார். வெறுங்கண் காணாததைக் கேமரா காட்டுகிறது என்பதில் அவருக்கு உற்சாகம். ஆனால் அதே 1928இல் வெளிவந்த ரெங்கர்-பாட்ஷின் 'உலகம் அழகானது' என்ற தொகுப்பை, 1934இல், வறுமையைக்கூட நுகர்பொருளாக்கிவிட்ட புகைப்படத்துக்கு உதாரணமாகக் காட்டிக் கடுமையாகத் தாக்கினார். இரண்டு நிலைப்பாடும் ஒரே ஆளுடையவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பெஞ்சமினைப் பெயரளவில் உச்சரிக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். அவர் உத்தியை எதிர்த்தவர் அல்ல. உத்தி எதைத் தெரியவைக்கிறது, எதைத் தெரியாமல் அடிக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கணக்குக் கேட்டவர். நம்மூர்க் கள்ளிப் படங்களிடமும் அந்தக் கணக்கைத்தான் கேட்கிறேன்.

இந்தக் கணக்கு சேலம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப் கம்பெனிப் படையின் கேப்டன். பெயரில் தாவரவியல், உடுப்பில் ராணுவம்! 1857 கிளர்ச்சியின் சூடு ஆறாத நேரத்தில் தமிழ்நாட்டைச் சுற்றி வந்து அவர் எடுத்தவை 1858இல் தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்தன. மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டையோடு ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் ஒரு தொகுதி. 1791இல் திப்புவின் ஆட்களிடமிருந்து பிடிக்கப்பட்ட கோட்டை ராயக்கோட்டை. பிடித்த மறு வருஷமே அலெக்சாண்டர் ரீடின் கையில் மாவட்டம் வருகிறது, ரீடும் அவர் கீழிருந்த மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை போடுகிறார்கள். பீரங்கி, அளவுச் சங்கிலி, பிறகு கேமரா. ட்ரைப் பயன்படுத்தியது மெழுகு தடவிய காகித நெகடிவ். அந்தக் காலத்து ரசாயனம் நீலத்துக்கு அதிகமாகக் கூசும், ஆகவே வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். ட்ரைப் என்ன செய்தார்? நெகடிவின்மேல் தூரிகையால் மேகங்களை வரைந்தார். மரத்தின் இலைகளையும் அங்கங்கே தொட்டுச் சரிசெய்தார். ஆக, இந்த மாவட்டத்தின் நிலக்காட்சி புகைப்படமாகத் தொடங்கும்போதே அதில் 'படைப்பு உத்தி' இருக்கிறது. கோட்டையைப் பிடித்தவர்களின் கண்ணுக்கு வெற்று வானம் உறுத்தியிருக்கிறது. படங்கள் அபாரமானவை, அதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. பாறை பாறையாக இருக்கிறது, தூரம் தூரமாகவே இருக்கிறது. பெரும்பாலும் ஆள் இல்லை. நீண்ட நேர ஒளிப்பதிவில் நடமாடியவர்கள் அழிந்திருக்கலாம், நிற்கச் சொல்லி யாரையும் கேட்காமலும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் வெற்றி கொண்டவனுக்கு வசதியான காட்சி, ஆளில்லாத நிலம்.

ட்ரைப்புக்கு விதி எழுதித்தர ஆள் இல்லை. இன்று எழுதப்பட்ட விதியே இருக்கிறது. சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பும் அமெரிக்க, பிரிட்டிஷ் சங்கங்களும் சேர்ந்து 2014இல் இயற்கைப் புகைப்படத்துக்கு ஒரு வரையறை வகுத்தன. நம் ஊர்ப் போட்டிகளும் பெரும்பாலும் அதையே பின்பற்றுகின்றன. மனிதரோ மனிதர் செய்ததோ படத்தில் இருக்கக் கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு. கலப்பினச் செடியும் வளர்ப்புச் செடியும் கூடாது. பொய்ப்படத்தைத் தடுக்கிற நல்ல நோக்கம் அந்த வரையறைக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சேர்வராயன் மலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து இந்த மலையில் காப்பிதான் காடு. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஓடைக்கரையில் பூத்துக் கிடக்கும் உண்ணிச்செடி அமெரிக்காவிலிருந்து. காப்பிச்செடிக்கு நடுவில் பறிக்கிறவர்கள், ஊருக்கு ஊர் மலையாளிப் பழங்குடியினரின் வீடு, சாமி, வரகு சாமை விளைந்த நிலம். விதிப்படி 'இயற்கை'யை எடுக்க வேண்டும் என்றால் மலையின் பெரும்பகுதியை மறைத்தாக வேண்டும். மறைக்கிற கருவிகள்தாம் மேலே சொன்ன நான்கு உத்திகள். தூரத்து லென்ஸ், கரைந்த பின்னணி, இறுகிய சட்டம், நீண்ட ஷட்டர். ஆகவே இவை தற்செயலாக ஒன்று சேர்ந்த உத்திகள் அல்ல என்கிறேன்.

உண்மையான பாலையைப் பார்க்க வேண்டுமானால் வளைவுப் பாதை ஏற வேண்டியதில்லை. மலையடிவாரத்துக்கும் சேலம் நகரத்துக்கும் நடுவே நூறாண்டுக்கு மேலாக வெள்ளைக்கல் வெட்டிய குழிகளும் கழிவு மேடுகளும் கிடக்கின்றன. மாக்னசைட்டுக்கு எங்கள் பக்கத்தில் வெள்ளைக்கல் என்றுதான் பெயர். நண்பகலில் அங்கே போய் நின்றால் கண்ணைத் திறக்க முடியாது. சிலப்பதிகாரத்துக்கு உரை வேண்டுமானால் அங்கே வகுப்பு நடத்தலாம், இயல்பு திரிவது என்றால் என்னவென்று பையன்களுக்கு உடனே புரியும். மலையின் உச்சிகளிலும் பாக்சைட் வெட்டினார்கள். 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்தும்தான் மண் போனது. பாலை நிலத்துச் செடியைத் தேடிக் கரடியூர்ப் பாறைக்கு ஏறுகிற எந்தக் குழுவும் வெள்ளைக்கல் மேட்டில் வண்டியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. அங்கே 'ஃபோர்கிரவுண்ட்' சரியில்லையாம்.

தமிழில் இதற்கு மாற்றே இல்லையா என்றால், மா. கிருஷ்ணன் (1912-1996) இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். மாநிலக் கல்லூரியில் ஃபைசனிடம் தாவரவியல் கற்றார். ஏற்காட்டையும் உள்ளடக்கி தென்னிந்திய மலைவாசத் தலங்களின் தாவரங்களைப் பற்றி 1932இல் நூல் எழுதிய அதே ஃபைசன். கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்ட பெட்டிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார். அவர் படத்தில் யானை மட்டும் இருக்காது, அது நிற்கிற புல்லும் மரமும் இன்ன மரம் என்று தெரிகிற அளவுக்கு இருக்கும். அயல் மரங்களை அழகுக்காக நடுவதை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர். பின்னணியைக் கரைப்பது அவரிடம் செல்லுபடியாகாது. ஆனால் அவருடைய காட்டிலும் மனிதர் இல்லை. காட்டைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்ற அவருடைய நிலைப்பாட்டுக்குள் காட்டிலேயே பிறந்து வாழ்கிறவர்களை எங்கே வைப்பது என்ற கேள்வி தீராமல் நிற்கிறது. அவரைக் கொண்டாடுகிற நம் சூழலியலாளர்களும் அந்தக் கேள்வியை நாசூக்காகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இவ்வளவு சொன்னதும் நண்பர்கள் கேட்பது: அப்ப அழகே கூடாதுங்கறியா? ஓடையைப் பார்த்து ஒரு மனுஷன் சந்தோஷப்படக் கூடாதா? படட்டும். நானும் படுகிறேன். மங்கலாக எடுப்பதே பாவம் என்றும் நான் சொல்லவில்லை. அன்று அதே ஓடையில் அதே முக்காலியில் ஷட்டரை முப்பது வினாடிக்குப் பதில் வினாடியின் எட்டில் ஒரு பங்குக்கு வைத்திருந்தால் என்ன விழுந்திருக்கும்? கல் கூர்மையாக, கல்லில் ஊன்றிய பாதம் கூர்மையாக, தூக்கிய பாதம் மட்டும் இழுபட்டு, விறகுக்கட்டு ஒரு பழுப்புக் கோடாக. தண்ணீரும் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும்படி இருந்திருக்கும். அதுவும் மங்கல்தான், அதுவும் 'க்ரியேட்டிவ்'தான். ஆனால் அங்கே ஒருத்தி சுமையோடு நடக்கிறாள் என்பதை அந்த மங்கல் சொல்லும். இரட்டை ஒளிப்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளியின்மேல் கள்ளியையே மங்கலாகப் படியவைத்து ஒளிவட்டம் கட்டுவதற்குப் பதில், அடிவாரத்துக் கள்ளியின்மேல் வெள்ளைக்கல் மேட்டைப் படியவைக்கலாம். யாரும் செய்யவில்லை. இந்த மலையின் பெயரையே தாங்கிய 'வெர்னோனியா ஷேவராயென்சிஸ்' என்ற சிறுமரம் ஒன்று இருக்கிறது, இந்த மலைக்கே உரியது என்கிறார்கள் தாவரவியலாளர்கள், அழிவின் விளிம்பில் இருப்பது. கண்ணைப் பறிக்கிற பூ இல்லாததால் அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

படத்தில் ஆள் இல்லாமல் போவது ரசனைப் பிரச்சினை மட்டும் அல்ல. செயல்பாட்டாளர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலத்தில் இருந்ததைக் காட்டியாக வேண்டும். 2008இல் வந்த விதிகள் அதற்குச் சாட்சியமாகச் செயற்கைக்கோள் படத்தைச் சொல்கின்றன. வீடு, வரப்பு, கிணறு, இடுகாடு, சாமி இருக்கும் இடம், முதியோர் வாக்குமூலம் ஆகியவற்றையும் சொல்கின்றன. அதாவது நிலத்தின் தோற்றமே அங்கே வழக்கு. எத்தனை ஆண்டுக்காலம் 'ஆளில்லாத எழில் கொஞ்சும் வனம்' என்று படம் காட்டிப் பழக்கியிருக்கிறோமோ, அத்தனைக்கும் எதிராக ஒரு குடும்பம் தன் கிணற்றைக் காட்ட வேண்டியிருக்கிறது.

சேர்வராயன் மலையில் ஒரு ஊரில், பெயர் வேண்டாம், அப்படி விண்ணப்பத்தோடு வைக்க எடுத்த படங்களைப் பார்த்தேன். மலிவான செல்போன், எடுத்தது பள்ளி இறுதி படிக்கும் ஒரு பெண். எல்லாமே உச்சி வெயிலில் எடுத்தவை, வேலைக்குப் போனவர்கள் சாப்பிட வரும் நேரம் அதுதான் என்பதால். அந்தப் போனின் சின்ன லென்ஸுக்குப் பின்னணியைக் கரைக்கத் தெரியாது. முன்னால் இருக்கும் கல்லும் கூர்மை, நடுவில் மனிதரும் கூர்மை, பின்னால் காப்பிச் சரிவும் கூர்மை. பலாமரம், பக்கத்தில் ஒரு கிழவர். கல் அடுக்கிய வரப்பு, அதன்மேல் அதே கிழவர். ஓடையிலிருந்து தண்ணீர் திருப்பிய வாய்க்கால், ஓரத்தில் அவர் மருமகள், கையில் மண்வெட்டி. தண்ணீர் துளித்துளியாக, கலங்கலாக, ஓடும் திசை தெரிய விழுந்திருக்கிறது. கடைசிப் படம் இடுகாடு. நட்டுவைத்த கற்கள் ஏழோ எட்டோ, ஓரமாகச் சதுரக்கள்ளிப் புதர். கிழவர் ஒரு கல்லில் கைவைத்து நிற்கிறார், நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. "ஏங்க ஐயா, எல்லாப் படத்துலயும் நீங்களே நிக்கறீங்க?" என்று கேட்டேன். "ஆள் நின்னாத்தான தம்பி, எவ்வளவு ஒசரம், எவ்வளவு அகலம்னு அவங்களுக்குத் தெரியும்" என்றார்.